ஒரே மேசையில் நான்கு மொழி: தோட்டப்புற நகரில் ஆவணப்படம் எடுக்க வருவோருக்கு

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் நகரில், பழைய கடைவீதியின் ஏதாவதொரு சீனர் கோப்பிக்கடையில் காலை ஆறரை மணிக்குப் போய் உட்கார்ந்தால், ஒரே மேசையைச் சுற்றி நான்கு மொழிகள் கேட்கும். ஓய்வுபெற்ற ரப்பர் பால்வெட்டுக்காரர் மலாயில் கோப்பி கேட்பார், கடைக்காரர் தமிழில் "சீனி வேணாமா தாத்தா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு, உள்ளே இருக்கும் மனைவியிடம் சீனத்தில் சொல்லி அனுப்புவார், பக்கத்தில் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்து வங்காளதேசத் தொழிலாளர்கள் இருவர் தங்களுக்குள் வங்காளத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள். புதிதாகக் கேமராவோடு வருகிறவர் இதைப் பார்த்ததும் இங்கே எல்லாருக்கும் எல்லாருடைய பேச்சும் புரிகிறது என்று எண்ணிவிடுவார். நானும் அப்படித்தான் எண்ணினேன். கொடுக்கல் வாங்கலுக்கும் நலம் விசாரிக்கவும் வேடிக்கை பேசவும் கடைத்தெரு மலாய் போதும். ஆனால் அப்பா ஏன் தோட்டத்தை விட்டு வந்தார், மகள் ஏன் கோலாலம்பூரிலிருந்து திரும்பவில்லை என்பதையெல்லாம் சொல்ல அந்த மொழி போதாது. பல இனத்தார் சேர்ந்து வாழும் ஊரில் ஆவணப்படம் எடுப்பவர் சறுக்குவது பெரும்பாலும் புரியாத இடத்தில் அல்ல, புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்ட இடத்தில்தான். அந்த நினைப்பை ஒவ்வொரு கட்டத்திலும் எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்பதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

முதற்படி: கேமரா இல்லாமல் போங்கள்

குறைந்தது இரண்டு வாரம் வெறுங்கையோடு நடக்க வேண்டும். அந்த நாட்களில் நீங்கள் கற்க வேண்டியது மனிதர்களின் நேரத்தை. ரப்பர் மரத்தில் விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். அதனால் பால்வெட்டுக்காரர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே நிரைக்குள் இறங்கிவிடுவார். வெட்டி முடித்து, மங்குகளில் பால் சேரக் காத்திருந்து, வாளியில் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு வரும்போது மதியம் நெருங்கிவிடும். காலை எட்டு மணிக்கு அவரைப் பேட்டிக்கு உட்காரச் சொன்னால் அன்றைய கூலியில் ஒரு பகுதியை நீங்கள் கேட்கிறீர்கள் என்று பொருள். மழை பெய்த காலையில் வெட்டு இருக்காது. அன்று ஆள் கிடைப்பார், ஆனால் வருமானம் போன கவலை முகத்தில் இருக்கும். செம்பனையின் கணக்கு வேறு. வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் எண்ணெயின் தரம் கெடும் என்பதால் லாரி வரும் நேரத்தையொட்டியே எல்லாம் நடக்கும்.

வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை, நோன்பு மாதம், சீனப் புத்தாண்டுக்குக் கடைகள் அடைபடும் நாட்கள், தைப்பூசம், தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா ஆகியவற்றை ஒரே நாட்காட்டியில் குறித்து வையுங்கள். நோன்புக் காலத்தில் ஒரு மலாய்க்காரர் வீட்டுத் திண்ணையில் உங்கள் குழுவினர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடித்தால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். பேச்சு மட்டும் சீக்கிரம் முடிந்துவிடும்.

அனுமதிகளையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த பினாஸ் எனும் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகத்திடம் உங்கள் படத்துக்கு எந்த உரிமம் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். தோட்டம் தனியார் நிலம். நிர்வாகியின் எழுத்துவழி அனுமதி இல்லாமல் உள்ளே படம் பிடித்தால், நீங்கள் போன பிறகு பதில் சொல்ல வேண்டியவர் உங்களை உள்ளே அழைத்த தொழிலாளர்தான். அருகிலுள்ள லாசா பக்கம் தெமியார் எனும் பூர்வகுடி மக்களின் கிராமங்களுக்குப் போவதானால் பூர்வகுடி மேம்பாட்டுத் துறையான ஜக்கோவாவையும், அதைவிட முக்கியமாகக் கிராமத் தலைவரையும் முதலில் நாட வேண்டும்.

இரண்டாம் படி: மொழிக் கணக்கு எழுதுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தில் நீங்கள் சந்திக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வீட்டில் எந்த மொழி, வேலையில் எந்த மொழி, கோபம் வந்தால் எந்த மொழி, காசு எண்ணும்போது எந்த மொழி என்று கவனித்து எழுதுங்கள். இனத்தை வைத்து மொழியை முடிவுசெய்தால் தவறிவிடும். நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகள் ஒரு தோட்டத்தில் லாரி ஓட்டிய மலாய்ப் பெரியவர் ஒருவரிடம், மரியாதை என்று கருதி, பள்ளியில் படித்த திருத்தமான மலாயில் "பாச்சிக்" (மாமா என்பதுபோல) என்று விளித்து இரண்டு நாள் பேட்டி எடுத்தேன். எல்லாம் நன்றாக இருந்தது, எல்லாரும் ஒற்றுமையாக இருந்தோம் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. மூன்றாம் நாள் கேமராவை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது என் துணையாளரிடம் தமிழில் பேசினேன். பெரியவர் சிரித்துக்கொண்டே தமிழில் ஆரம்பித்தார்: "கங்காணி செத்தன்னைக்கு பெரட்டே எடுக்கல தம்பி. பொட்டிய என் லோரியிலதான் ஏத்துனோம்." (பெரட்டு என்பது காலையில் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது.) அதற்குப் பிறகு ஒரு மணிநேரம் பேசினார். லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளின் பிள்ளைகளோடு வளர்ந்தவருக்கு அந்த வாழ்க்கை தமிழில்தான் நினைவில் இருந்தது. நான் மரியாதை என்று கொண்டுவந்த மொழி அவருக்கு அலுவலகத்து மொழியாகப் பட்டிருக்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, பிறகு தேசிய இடைநிலைப் பள்ளிக்குப் போன இளைஞர் குடும்பத்தைப் பற்றித் தமிழிலும், வேலை, கடன், போலீஸ் நிலையம் பற்றி மலாயிலும் பேசுவார். நடுவில் மொழி மாறினால் மாறட்டும். "தமிழிலேயே சொல்லுங்க தம்பி" என்று நாம் திருத்தினால், தமிழ்ப்படம் எடுக்கிறோம் என்ற நம் பெருமைக்காக அவருடைய பேச்சை முடமாக்குகிறோம்.

மூன்றாம் படி: ஒப்புதலை இரண்டு முறை கேளுங்கள்

மலாயில் "போலே" என்றால் சரி என்று அகராதி சொல்லும். ஆனால் வீட்டுக்கு வந்தவரை முகம் சுளிக்க வைக்கக்கூடாது என்பதற்காகவும் "போலே" சொல்வார்கள். "தாபா" என்பது பரவாயில்லை என்பதாகவும் இருக்கலாம், வேண்டாம் என்பதை மென்மையாகச் சொல்வதாகவும் இருக்கலாம். நம்மவர்களின் "பாக்கலாம் தம்பி" என்பதும் அப்படிப்பட்டதுதானே. குரலின் இழுவையையும், சொல்லும்போது கண் எங்கே போகிறது என்பதையும் பார்த்துத்தான் வேறுபாட்டை அறிய முடியும்.

என் முதல் படத்தில் ஒரு பாட்டியின் ஒப்புதலை, என்னை அங்கே கூட்டிக்கொண்டு போன ஊர்ப்பெரியவர் பக்கத்தில் நிற்கும்போதே வாங்கினேன். "எடுத்துக்கய்யா" என்றார். மறுநாள் எதையோ மறந்துவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனபோது, வாசற்படியில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்: மகளுக்கு இன்னும் சிவப்பு ஐசிதான் (நிரந்தரவாசி அடையாள அட்டை), நீல ஐசிக்கு (குடியுரிமை உள்ளவரின் அட்டை) மனுப் போட்டிருக்கிறது, நேற்று வாய்தவறி அதைப் பற்றியும் சொல்லிவிட்டேன், படத்தில் வந்தால் ஏதாவது ஆகுமா என்று. பெரியவர் முன்னால் மறுக்க அவரால் முடியவில்லை. கேட்க வேண்டிய விதத்தில் நான் கேட்கவில்லை. அந்தப் பகுதியை முழுவதும் நீக்கினேன். அன்றிலிருந்து ஒருவரிடம் இரண்டு முறை, வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஆட்கள் உடனிருக்கையில் கேட்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். இரண்டாவது முறை கட்டாயம் தனிமையில் இருக்க வேண்டும்.

ஒப்புதல் தாளைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதோடு விட்டுவிடாதீர்கள். தோட்டம் துண்டாடப்பட்டபோதும் லயத்தைக் காலி செய்தபோதும் புரியாத தாளில் கைநாட்டு வைத்துப் பழகிய குடும்பங்கள் இவை; தாளைக் கண்டாலே உள்ளுக்குள் ஓர் அச்சம் எழும். அவர்களுடைய மொழியில் உரக்கப் படித்துக் காட்டி, படம் எங்கெல்லாம் போகும், யாரெல்லாம் பார்ப்பார்கள், எந்தத் தேதிவரை "வேண்டாம்" என்று சொல்லலாம் என்பதை விளக்கி, அந்த உரையாடலையே ஒலிப்பதிவு செய்துவையுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளரிடம் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். முதலாளியோ மேற்பார்க்கும் மண்டோரோ கூப்பிடும் தூரத்தில் இருந்தால் பேட்டியே எடுக்காதீர்கள். முகத்தை மறைத்தால் போதும் என்று எண்ண வேண்டாம். சட்டையில் உள்ள நிறுவன முத்திரை, விடுதி அறை எண், குரல் ஆகிய மூன்றும் ஒருவரைக் காட்டிக்கொடுக்கப் போதும்.

நான்காம் படி: மொழிபெயர்ப்பவரை உட்கார வைக்கும் விதம்

இது கேட்கச் சிறிய விஷயமாகத் தோன்றும்; படத்தின் பாதி உயிர் இதில்தான் இருக்கிறது. மனிதர் தனக்குப் புரியும் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். மொழிபெயர்ப்பாளர் அறையின் ஓரத்தில் உட்கார்ந்தால், படம் முழுக்க அவர் ஓரத்தைப் பார்த்துப் பேசுவது பதிவாகி, பார்வையாளரை விட்டு விலகியவர்போலத் தெரிவார். ஆகவே மொழிபெயர்ப்பாளரைக் கேமராவின் கண்ணாடிக்கு ஒட்டினாற்போல், அதே உயரத்தில் அமர்த்துங்கள். நீங்கள் அவருக்குப் பின்னால் இருந்துகொள்ளலாம். இருவருக்கும் தனித்தனி ஒலிவாங்கி, தனித்தனித் தடம். பேசுபவர் முடித்த பிறகே மொழிபெயர்க்க வேண்டும் என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, வெட்டவே முடியாத பதிவு கையில் இருக்கும்.

ஐந்து நிமிடம் ஒருவர் அழுதுகொண்டே பேச, மொழிபெயர்ப்பாளர் "ரொம்ப கஷ்டப்பட்டாராம்" என்று முடித்துவிடுவது அடிக்கடி நடக்கும். முழுவதையும், "நான்" என்றே, சொன்ன வரிசையில் தரும்படி பணிவோடு கேளுங்கள். அப்படியும் அந்த மொழிபெயர்ப்பைப் பேட்டி நடத்த மட்டுமே பயன்படுத்துங்கள். படத்தொகுப்புக்கு வரும்போது, அந்த ஊரோடு தொடர்பில்லாத வேறொருவரை ஒலிப்பதிவைக் கேட்டு முதலிலிருந்து மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். ஊர்க்காரர் ஊரின் மானத்தைக் காக்கச் சிலவற்றை விடுவார். அதில் குற்றம் காண முடியாது, ஆனால் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். தொழிலாளருக்கு அவருடைய மேலாளும் பெண்ணுக்கு அவருடைய கணவரும் தெமியார் மக்களுக்கு அரசு அலுவலரும் மொழிபெயர்க்கும் ஏற்பாட்டுக்கு ஒருபோதும் இணங்காதீர்கள்.

ஐந்தாம் படி: ஒரே நிகழ்ச்சிக்குப் பல பெயர்

1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, 1960வரை நீடித்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளைப் பற்றி இங்குள்ள மூன்று முதியவர்களிடம் கேட்டால் மூன்று வரலாறு கிடைக்கும். தமிழ்ப் பாட்டி ஊரடங்கையும், அளந்து கொடுத்த அரிசியையும், வேலைக்குப் போகும்போது சோற்றுப் பொட்டலத்தைச் சோதித்ததையும் சொல்வார். சீனப் பெரியவர், காட்டோரத்தில் இருந்த வீட்டை இடித்துக் குடும்பத்தை முள்வேலி போட்ட புதுக்கிராமத்தில் கொண்டுவந்து இறக்கியதைச் சொல்வார். அப்படி இடம் மாற்றப்பட்டவர்கள் சுமார் 5 லட்சம் பேர். மலாய்ப் பெரியவரின் நினைவில் காவற்படையில் சேர்ந்த அண்ணன் இருக்கலாம். மலைக்குள் துப்பாக்கியோடு இருந்தவர்களை ஒருவர் பயங்கரவாதி என்பார், ஒருவர் கம்யூனிஸ்டு என்பார், மூன்றாமவர் குரலைத் தாழ்த்தி "எங்க மாமா" என்பார். உங்கள் கேள்வியில் இந்தச் சொற்களில் எதையும் நீங்கள் முதலில் எடுத்து வைக்கக்கூடாது. "அந்தக் காலத்துல ராத்திரி எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள், அவர் எந்தச் சொல்லை எடுக்கிறாரோ அதையே அடுத்த கேள்வியில் பயன்படுத்துங்கள்.

"ஏன்" என்று தொடங்கும் கேள்வி நம் காதிலேயே விசாரணைபோல ஒலிக்கும். வேற்று இனத்தவர் கேட்டால் இன்னும் கூர்மையாகப் படும். "எப்படி", "அன்னைக்கு என்ன நடந்துச்சு" என்று கேட்டால் காரணம் தானே வரும். பதில் முடிந்ததும் மனத்துக்குள் பத்துவரை எண்ணுங்கள். எனக்குக் கிடைத்த நல்ல வாக்கியங்களில் பல ஏழுக்கும் பத்துக்கும் இடையில் வந்தவை. பிறகு, "நான் இப்படிப் புரிஞ்சுக்கிட்டேன், சரியா?" என்று உங்கள் சொல்லில் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். "இல்ல, அப்படி இல்ல" என்று அவர் மறுக்கும் இடத்தில் கேமரா ஓடிக்கொண்டிருக்கட்டும்.

ஆறாம் படி: வீட்டுக்குள் நடந்துகொள்ளும் முறை

செருப்பை வாசலில் விடுவது, வலக்கையால் கொடுப்பது வாங்குவதெல்லாம் நமக்குத் தெரிந்தவை. மலாய்க்காரர் வீட்டில் ஆளையோ பொருளையோ சுட்டிக்காட்டும்போது ஆட்காட்டி விரலை நீட்டாமல் கட்டைவிரலால் காட்டுவது பணிவு. நடிப்பவருக்கு உத்தரவிடுவதுபோல விரலை நீட்டி "அங்கே உட்காருங்கள்" என்று சொல்லிப் பழகிய ஒளிப்பதிவாளருக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சாமி மேடை, குர்ஆன் வசனச் சட்டம், முன்னோர் வழிபாட்டு மேடை ஆகியவற்றின் முன் விளக்குத் தாங்கியை நிறுத்தும் முன் கேளுங்கள். பெண்களுக்கு ஒலிவாங்கி பொருத்தக் குழுவில் ஒரு பெண் இருக்க வேண்டும். தகரக் கூரை வீட்டில் மாலை மழை தொடங்கினால் ஒலிப்பதிவு முடிந்தது. பேட்டியை அதற்கு முன் வையுங்கள்.

செய்து காட்டச் சொல்வதைப் பற்றி ஒரு சொல். கனடாவின் இனுவிட் மக்களைப் பற்றி 1922இல் வெளிவந்த 'நானூக் ஆஃப் தி நார்த்' படத்துக்காக ராபர்ட் பிளாகர்ட்டி, வெளிச்சம் போதாததால் பனிவீட்டைப் பாதியாகத் திறந்து கட்டவைத்துப் படமெடுத்தார். துப்பாக்கி பயன்படுத்தத் தெரிந்தவர்களை ஈட்டியால் வேட்டையாட வைத்தார். முதலாவது வெளிச்சத்துக்காகச் செய்தது. இரண்டாவது ஒரு மக்களைக் கடந்த காலத்தில் நிறுத்திவைத்தது. ஓய்வுபெற்றவரை உளியோடு மரத்தடியில் நிறுத்தலாம், அவரே விரும்பினால். ஆனால் அது நினைவிலிருந்து செய்து காட்டியது என்பது படத்திலேயே தெரிய வேண்டும். கைப்பேசியில் பேரனோடு பேசும் பாட்டியை, கைப்பேசியை மறைத்து வைக்கச் சொல்லிப் படமெடுக்காதீர்கள்.

ஏழாம் படி: எழுத்துவரி (சப்டைட்டில்)

வேற்றுச் சமூகத்தாரின் பேச்சை விவரிப்பாளரின் குரலால் மூடிவிடுவதே நெடுநாள் வழக்கமாக இருந்தது. டேவிட் மெக்டூகலும் ஜூடித் மெக்டூகலும் உகாண்டாவின் ஜியே மக்களிடம் 1968இல் எடுத்து, 1970களின் தொடக்கத்தில் வெளிவந்த படங்களில் அவர்களுடைய சாதாரண உரையாடலுக்கு எழுத்துவரி கொடுத்தார்கள். மானுடவியல் படங்களில் அது அப்போது புதுமை. தூரத்து மக்கள் தங்களுக்குள் வேடிக்கை பேசுகிறார்கள், சலித்துக்கொள்கிறார்கள், வாதாடுகிறார்கள் என்பது பார்வையாளருக்கு அதனால்தான் தெரிந்தது. ஆகவே எழுத்துவரியைக் கடைசி வாரத்து வேலையாகத் தள்ளிவைக்காதீர்கள்.

ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். பாட்டி சொல்கிறார்: "எங்கப்பா கூலிக்குப் போவாரு." தமிழில் கூலி என்பது உழைப்புக்குக் கிடைக்கும் காசு, அதில் இழிவு இல்லை. அதே ஒலியை ஆங்கில எழுத்துவரியில் அப்படியே இறக்கினால், காலனி ஆட்சியில் மனிதரையே குறித்த வசைச்சொல் ஆகிவிடுகிறது. பாட்டி தன் தகப்பனை மதித்துச் சொன்ன வாக்கியம் திரையில் அவரைத் தாழ்த்துகிறது. அங்கே "அன்றாடச் சம்பளத்துக்கு வேலை செய்தார்" என்ற பொருளைத்தான் தர வேண்டும். ஆனால் அதே பாட்டி, துரை தன் அப்பாவை எப்படிக் கூப்பிட்டார் என்று சொல்லும்போது அந்தச் சொல் வந்தால், அதை அப்படியே விடுங்கள். காயம் அங்கே உண்மையாக இருக்கிறது.

பழைய தலைமுறையின் வாயில் வரும் இழிசொற்களும் இப்படித்தான். தமிழ் முதியவர் பூர்வகுடியினரை "சக்காய்" என்பார். மலாய் முதியவர் நம்மைக் "கெலிங்" என்பார். இருவருக்கும் அது புண்படுத்தும் சொல் என்ற நினைவே இல்லாமல் இருக்கலாம். எழுத்துவரியில் நாகரிகமாக மாற்றினால் பொய்யாகிறது. அப்படியே விட்டால் நட்போடு பேசிய மனிதர் இனவெறியராகத் தெரிகிறார். அந்த வாக்கியம் படத்துக்குத் தேவையா என்று முதலில் பாருங்கள். தேவையானால் சொன்னவரிடமே போட்டுக் காட்டி, அந்தச் சொல்லைப் பற்றிப் பேசி, அந்தப் பேச்சையும் படத்தில் சேருங்கள் என்பதே என் கருத்து.

உறவுமுறைச் சொற்களைப் பெயர்க்க முடியாத இடத்தில் விட்டுவிடலாம். முன்பின் தெரியாத எனக்கு அந்த லாரிக்காரர் சொன்ன "தம்பி", மலாயில் "அடிக்" என்று அழகாகப் பொருந்தும், ஆங்கிலத்தில் உடன்பிறந்தவனாகிவிடும். இன்னொன்று: யாருக்கு எழுத்துவரி போடுகிறீர்கள் என்பதும் ஒரு தீர்ப்புத்தான். மலாய்க்காரர் பேசும் மலாய்க்கு வரி இல்லாமல், வங்காளதேசத்தவர் பேசும் மலாய்க்கு மட்டும் மலாயில் வரி கொடுத்தால், இவர் பேச்சு பேச்சாகவே கணக்கில்லை என்று சொல்வதாகும். போட்டால் எல்லாருக்கும் போடுங்கள். வரி இரண்டுக்கு மேல் போகவேண்டாம். திரையைப் பார்த்து மெல்ல வாசிக்கும் ஒருவரை அருகில் உட்கார வைத்து, அவருடைய வேகத்துக்கு நேரம் குறியுங்கள்.

எட்டாம் படி: முதலில் ஊருக்குக் காட்டுங்கள்

1967இல் கனடாவின் போகோ தீவில் தேசியத் திரைப்பட வாரியத்தின் கோலின் லோ எடுத்த குறும்படங்களை, வெளியே யாருக்கும் காட்டும் முன் தீவின் மக்களுக்கே காட்டினார்கள். ஒருவரோடொருவர் நேரில் பேசத் தயங்கிய கிராமத்தார், திரையில் அடுத்த கிராமத்தாரின் பேச்சைக் கேட்டுப் பேசத் தொடங்கினர். அறுபது ஆண்டுகள் நெருங்கியும் இதைவிடச் சிறந்த சோதனையை நான் அறியேன்.

திரையிடும் இடத்தை நிதானமாக முடிவுசெய்யுங்கள். கோயில் மண்டபம் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் அங்கே வைத்தால் மலாய்க்காரர்களில் பலர் அழைப்பிதழை வாங்கிக்கொண்டு வராமல் இருந்துவிடுவார்கள். பொது மண்டபமோ பள்ளி மண்டபமோ ஏற்றது. சாப்பாட்டை மலாய்க் கடையில் மாட்டிறைச்சி இல்லாமல் சொல்லுங்கள். சைவத்துக்குத் தனி மேசை போடுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் மண்டபத்துக்கு வரத் தயங்குவார்கள் என்பதால் அவர்களுக்கு விடுதியிலேயே தனியாகக் காட்டுங்கள்.

திரையிடும்போது திரையைப் பார்க்காதீர்கள், ஆட்களைப் பாருங்கள். எந்த இடத்தில் ஒரு பக்கத்தார் மட்டும் சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் ஒருவர் எழுந்து வெளியே போகிறார், எந்த வரியில் பிள்ளைகள் தாத்தாவிடம் குனிந்து ஏதோ கேட்கிறார்கள் என்று நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். நான் காட்டியபோது லாரிக்காரப் பெரியவர் தமிழில் பேசிய காட்சியில் அவருடைய பேத்தி வியந்து திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். தாத்தாவுக்குத் தமிழ் வரும் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. படம் முடிந்ததும் பெரியவர் என்னிடம் வந்து, பெட்டியை ஏற்றியது நான்கு பேர், மற்ற மூவரின் பெயரையும் போடவேண்டும் என்றார். அவருடைய பேட்டியில் அந்தப் பெயர்கள் இருந்தன; நீளம் கருதி நான்தான் வெட்டியிருந்தேன். மறுநாளே சேர்த்தேன்.

இப்படிப்பட்ட திருத்தங்களுக்காக ஊர்த்திரையிடலுக்கும் இறுதிப் பிரதிக்கும் இடையே ஒரு மாதம் விட்டுவையுங்கள். திருத்தி முடித்த படத்தை ஆளுக்கொரு பென்டிரைவில் போட்டு, தபாலில் அனுப்பாமல் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். வீட்டில் போட்டுப் பார்க்கத் தெரியாதவர்களுக்குப் போட்டுக் காட்டிவிட்டு வாருங்கள்.